தண்ணீர் சிவப்பைத் தொட்டால் நில்

ஓமனில் ஊருக்கு வெளியே வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தக் கம்பங்களைத் தெரியும். நேராகப் போய்க்கொண்டிருக்கும் தார்ச்சாலை திடீரென்று ஒரு பள்ளத்தில் இறங்கும். இரண்டு பக்கமும் கூழாங்கல்லும் முள்மரமுமாக அகலமான ஒரு வறண்ட படுகை, அதன் குறுக்கே சாலை. சாலையோரம் வரிசையாகக் குட்டைக் கம்பங்கள், கீழே வெள்ளை, மேலே சிவப்பு. பக்கத்தில் ஒரு பலகை: தண்ணீர் சிவப்பைத் தொட்டால் நில். வருடத்தில் பெரும்பாலான நாள் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆடு மேயும். புதிதாக வேலைக்கு வந்தவன் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிப்பான், நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் படுகைக்கு அரபியில் வாதி என்று பெயர் (நம்மூர் கோர்ட்டில் பிரதிவாதிக்கு எதிரே நிற்கும் வாதி வேறு). மலையிலிருந்து கடலுக்குப் போகும் காட்டாற்றுப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமன் பேரிடர்க் கொள்கை என்று எதை எழுதி வைத்தாலும், அது கடைசியில் இந்த வாதியில் வந்துதான் நிற்கிறது. பாலைவன நாட்டில் பேரிடர் என்றால் வறட்சி, மணல்புயல், வெயில் என்றுதான் நமக்குத் தோன்றும். அதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஓமனில் ஒரே நாளில் கூட்டமாக ஆட்களைக் கொல்வது தண்ணீர்.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு ஓமனில் கடலுக்கு இணையாக ஹஜர் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியான ஜெபல் ஷம்ஸ் சுமார் 3,000 மீட்டர். மலைக்கும் கடலுக்கும் நடுவில் பாத்தினா என்ற ஒடுங்கிய சமவெளி, அதில்தான் ஜனங்கள். மலையின் பெரும்பகுதி மொட்டைப் பாறை, அங்கே மண் கிடையாது, மரம் கிடையாது. பெய்த மழையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் அத்தனையும் ஒரே மூச்சில் கீழே வருகிறது. மலையில் இரண்டு மணி நேரம் பெய்தால் போதும், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஊரில், தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லாத நேரத்தில், வாதி வந்துவிடும். 'வந்துவிடும்' என்பதைச் சும்மா சொல்லவில்லை, அங்கே 'வாதி இறங்கிவிட்டது' என்றுதான் பேச்சு. முதலில் ஒரு பழுப்பு நுரை, அதன் முன்னால் உருளும் பிளாஸ்டிக் பாட்டில்களும் காய்ந்த குச்சிகளும் பேரீச்ச ஓலைகளும், அப்புறம் சத்தம், அதற்கும் பின்னால்தான் உண்மையான தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் காரை விட்டால் என்ன ஆகும் என்பது எளிய கணக்கு. சாதாரண காரின் அடிப்பகுதி ஏறக்குறைய 6, 7 சதுர மீட்டர், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் போல உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சுமார் 600 கிலோ அளவுக்கு வண்டியை மேலே தள்ளும். கார் எடை 1,200 கிலோ என்றால் 35 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது முழங்காலுக்கும் கீழே, டயருக்குத் தரையில் பிடி இருக்காது. உள்ளே தண்ணீர் புகுந்து கொஞ்சம் கனம் கூடும், அதற்குள் பக்கவாட்டு வேகம் வண்டியைச் சாலையிலிருந்து எடுத்துப்போய்விடும். பெரிய நான்கு சக்கர வண்டிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கம்பத்தின் சிவப்பை அங்கே அடித்து வைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

புயலும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1890-இல் வந்த புயலில் 700 பேருக்கு மேல் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. 1977 ஜூனில் மஸீரா தீவைப் புரட்டிப் போட்ட புயலில் 100 பேருக்கு மேல். ஆனால் இவற்றுக்கிடையே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஓமன் அடியோடு மாறிவிட்டது. சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்த 1970-இல் நாடு முழுக்கச் சேர்த்துப் பத்து கிலோமீட்டர் தார்ச்சாலை இருந்தது என்பார்கள். பழைய ஊர்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: வீடுகள் மேட்டில் இருக்கும், பேரீச்சந்தோட்டம் தாழ்வில் வாதியை ஒட்டி இருக்கும். வெள்ளம் வந்தால் மரம் தாங்கிக்கொள்ளும், மனிதன் மேலே இருந்து பார்ப்பான். எண்ணெய்ப் பணம் வந்த பிறகு கட்டிய ஊர்களுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. சமமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே கடை, வீடு, நெடுஞ்சாலை. மலைநாட்டில் சமமான இடம் என்றால் பெரும்பாலும் அது வாதி கொண்டுவந்து பரப்பிய இடம்தான்.

2007 ஜூனில் கோனு வந்தது. அதுவரை அரபிக்கடலில் பதிவான புயல்களிலேயே வலிமையானது அது. கரையை நெருங்கும்போது வலு குறைந்துவிட்டது, ஆனாலும் சில இடங்களில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மஸ்கட்டின் ஒரு வருட மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். 50 பேர் அளவில் இறந்தார்கள், சேதம் சுமார் 400 கோடி டாலர். 'வாதி அதை' என்ற ஒடுங்கிய மலையிடுக்கு வழியாக வந்த தண்ணீர் மஸ்கட்டின் குரம் பகுதியின் கடைவீதிகளுக்குள் புகுந்தது. இதைவிட ஆட்சியாளர்களை உலுக்கியது இன்னொன்று என்பது என் அபிப்பிராயம். மஸ்கட் குடிப்பது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதைத் தரும் குப்ரா, பர்கா ஆலைகள் இரண்டும் நின்றுபோயின. வீதியெல்லாம் வெள்ளம், குழாயில் தண்ணீர் இல்லை. தலைநகரமே லாரித் தண்ணீருக்கு நின்றது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் கொள்கை என்று சொல்ல வேண்டும், காகிதத்தில் இருந்ததை அல்ல. பேரிடருக்கென்று தேசியக் குழு ஓமனில் கோனுவுக்கு முன்பே இருந்தது. கோனு காட்டியது, குழு இருப்பதும் குழு வேலை செய்வதும் வேறு வேறு என்பதை. இப்போது இருப்பது தேசிய அவசரநிலை மேலாண்மைக் குழு, தலைமை போலீஸ் துறைத் தலைவரிடம். பணியை எட்டுத் துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முன்னெச்சரிக்கை, தேடுதல் மீட்பு, மருத்துவம், நிவாரணமும் தங்குமிடமும், அபாயகரப் பொருட்கள், அடிப்படைச் சேவைகள், ஊடகம், இறந்தவர்களும் காணாமல்போனவர்களும். மாகாணத்துக்கொரு கிளைக்குழு. கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் மின்கம்பம் விழுந்தால் யார், செல்போன் கோபுரம் விழுந்தால் யார், பள்ளிக்கூடத்தை முகாமாகத் திறக்கும் சாவி யாரிடம் என்பது புயலுக்கு முன்பே முடிவாகியிருக்கிறது. போலீஸ் கையில் தலைமை இருப்பது நல்லதா என்று கேட்டால், புயல் நாளில் நல்லது, மற்ற நாட்களில் அவ்வளவு நல்லதில்லை என்பேன். மனைப் பிரிவு எங்கே போட வேண்டும் என்ற சண்டையில் போலீஸுக்கு என்ன வேலை? அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எச்சரிக்கை விஷயத்தில் ஓமன் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. 2015-இல் மஸ்கட்டில் தேசிய பல்பேரிடர் முன்னெச்சரிக்கை மையத்தைத் திறந்தார்கள். புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் ஒரே கூரையின் கீழ். சுனாமி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஓமன் வளைகுடாவின் எதிர்க்கரையில், ஈரான் பாகிஸ்தான் ஓரமாக, மக்ரான் என்ற கடலடிப் பிளவு இருக்கிறது. 1945 நவம்பரில் அங்கே 8.1 அளவில் நிலநடுக்கம் வந்து சுனாமி எழுந்தது. மறுபடி வந்தால் மஸ்கட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. 2004 டிசம்பர் 26 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும், அன்றைய அலை நாகப்பட்டினத்தோடு நிற்கவில்லை. அரபிக்கடலைக் கடந்து தெற்கு ஓமனின் சலாலா துறைமுகத்துக்குள் போய், 285 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பலின் கட்டுக்கயிறுகளை அறுத்து அதை மணல்திட்டில் கொண்டுபோய்ச் சொருகியது. கரையில் பார்த்தால் பெரிய அலையே இல்லை, நீரோட்டத்தின் வேகம் மட்டும்தான்.

புயல் கண்காணிப்பில் ஓமன் தனியாக இல்லை. வட இந்தியப் பெருங்கடல் நாடுகளின் புயல் குழுவில் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தோடு அதுவும் உறுப்பினர். புயலுக்குப் பெயர் வைக்கும் பட்டியலும் இவர்கள் சேர்ந்து போட்டதுதான். விசாகப்பட்டினத்தை அடித்த ஹுத்ஹுத் ஓமன் கொடுத்த பெயர், ஓமனை அடித்த கோனு மாலத்தீவு கொடுத்த பெயர். 2021-இல் இந்த உறவு இன்னும் நெருக்கமாகிவிட்டது. செப்டம்பர் 26 அன்று குலாப் என்ற புயல் வங்காள விரிகுடாவிலிருந்து ஆந்திரக் கரையேறி, தக்காணத்தைக் குறுக்கே நடந்து கடந்து, குஜராத் பக்கம் அரபிக்கடலில் இறங்கி மறுபடி உயிர்பெற்று, ஷாஹீன் என்ற புதுப் பெயரோடு அக்டோபர் 3 அன்று ஓமனின் பாத்தினா கரையில் ஏறியது. அந்த வடக்குக் கரையில் 1890-க்குப் பிறகு புயல் ஏறியதே இல்லை. கோனுவும் மற்றவையும் கரையைத் தொட்டது கிழக்கு முனையிலும் தெற்கிலும்தான், அதனால் பாத்தினாக்காரர்களுக்கு இது யாருக்கோ வருவது.

ஷாஹீனை அரசு எதிர்கொண்ட விதம் பாராட்டத் தக்கது. இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள், விமானங்களை நிறுத்தினார்கள், ஆயிரக்கணக்கானோரை முகாமுக்கு மாற்றினார்கள். அல் காபூராவில் 369 மில்லிமீட்டர் கொட்டியது. வீடுகளுக்குள் சேறு. ஆனாலும் ஓமனில் இறந்தவர்கள் 15 பேருக்குள். இறந்தவர்களில் ருசைல் தொழிற்பேட்டையில் தொழிலாளர் குடியிருப்பின் மேல் மலைச்சரிவு விழுந்து செத்த இரண்டு ஆசியத் தொழிலாளர்களும் உண்டு. விடுமுறை விட்டதால் அறையிலேயே இருந்தவர்களோ என்று யோசிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது. வீட்டில் இரு என்பது நல்ல அறிவுரை, வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து.

சரி, அணைகளுக்கு வருவோம். ஓமன் அணைகளில் பல வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவையே இல்லை. மஸ்கட்டுக்கு மேற்கே அல் கௌத் அணை 1985-இல் வந்தது. அதன் வேலை விசித்திரமானது: வாதி மலையைவிட்டு இறங்கும் வாயில் தண்ணீரைச் சில நாள் நிறுத்திவைக்கும். சேறு அடியில் படிந்ததும், தெளிந்த தண்ணீரை மெதுவாகக் கீழே விடும், அது கூழாங்கல் படுகையில் இறங்கி நிலத்தடிக்குப் போகும். பாத்தினாவில் விவசாயிகள் மோட்டார் வைத்து இறைத்ததில் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிவிட்டன, அந்த உப்பைப் பின்னுக்குத் தள்ளத்தான் இந்த ஏற்பாடு. இந்த மாதிரி ஊட்டணைகள் நாடு முழுக்க இருக்கின்றன. ஒரு அளவுக்கு வெள்ளத்தையும் பிடிக்கின்றன. கோனுவுக்குப் பிறகு வெள்ளத் தடுப்புக்கென்றே தனியாகக் கட்ட ஆரம்பித்தார்கள், மஸ்கட்டை அடுத்த அமராத்தில், சலாலாவில், துறைமுக நகரமாக வளரும் துக்ம்மில். குரய்யாத் அருகே வாதி தைகா அணை 75 மீட்டர் உயரம், சுமார் 10 கோடி கன மீட்டர் கொள்ளளவு. குடிநீருக்கும் பாசனத்துக்கும் வெள்ளத்துக்கும் என்று பல வேலை அதற்கு.

இதில் ஒரு முரண்பாடு உண்டு, அணைக்குப் பொறுப்பானவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முரண்பாடு. தண்ணீர்ப் பஞ்ச நாட்டில் அணை நிறைந்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், வெள்ளத்துக்கு அது காலியாக இருந்தால்தான் பயன். ஒரே அணையை இரண்டு மனதோடு நடத்த வேண்டும். இன்னொன்று, அணை கட்டியதும் அதற்குக் கீழே மனை விலை ஏறிவிடும். அணை இருக்கிறதே என்ற தைரியத்தில் படுகைக்குள் சுவர் வரும். அணையின் கணக்கைத் தாண்டிய ஒரு மழை வரும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

குடிநீர் ஆலைகள் விஷயத்தில் கோனு தந்த பாடத்தை மறக்கவில்லை. சூர், சோஹார், குரய்யாத் என்று கடற்கரை நெடுகப் பரவலாக ஆலைகள் வந்தன, தேவை பெருகியதும் அதற்கு ஒரு காரணம். 2008, 2009-இல் கடலில் செந்நிறப் பாசி பெருகி ஆலைகளை அடைத்தபோது மறுபடியும் தெரிந்தது, ஒரே கடலை நம்பியிருக்கும் ஊருக்கு அபாயம் புயலாக மட்டும் வராது என்று.

இப்போது அந்த மனைப் பிரிவு விஷயம். ஓமன் குடிமக்களுக்கு அரசு வீட்டுமனை தருகிறது. மனு போட்டுக் காத்திருந்தால் குலுக்கலில் ஒரு துண்டு நிலம், வழக்கமாக 600 சதுர மீட்டர் அளவில். எண்ணெய் வருமானத்தைக் குடிமக்களோடு பகிரும் வழிகளில் மக்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். லட்சக்கணக்கான மனைகள் வேண்டும், அதுவும் ஊருக்குப் பக்கத்தில், அதுவும் சமமான நிலத்தில். முன்பே சொன்னேனே, சமமான நிலம் யாருடையது என்று. வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்கு அந்த இடம் காலி மைதானம், முப்பது வருடமாகத் தண்ணீர் வராத வாதியின் கிளை. கோனுவுக்கும் ஷாஹீனுக்கும் பிறகு பல குடும்பங்களுக்கு வேறு மேட்டுநிலத்தில் மனையும் வீடும் கொடுத்தார்கள், ஷாஹீனுக்குப் பிறகு அவசரகால நிதி ஒன்றையும் சுல்தான் ஹைதம் ஏற்படுத்தச் சொன்னார். நல்லதுதான். ஆனால் கொடுத்த மனையைத் திரும்ப வாங்குவது எந்த அரசுக்கும் முள்மேல் நடப்பது. கையில் அரசு முத்திரை போட்ட காகிதம் இருக்கிறது, அப்பா கட்டிய வீடு, பக்கத்தில் மசூதி, சித்தப்பா வீடு. 'இருபது வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும், காலி பண்ணு' என்றால் யார் பண்ணுவார்? ஏரியில் பட்டா வாங்கியவர்களைத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை மையத்தைப் பணம் கொடுத்து இரண்டு மூன்று வருடத்தில் வாங்கிவிடலாம், அணையை ஐந்தாறு வருடத்தில் கட்டிவிடலாம். நிலத்தை எப்படிப் பிரிப்பது என்ற பழக்கத்தை மாற்ற ஒரு தலைமுறை ஆகும். ஓமன் கொள்கையின் வேகமெல்லாம் முதல் இரண்டில் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இறந்தவர்கள் எண்ணிக்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். 1890-இல் 700-க்கு மேல், 1977-இல் 100-க்கு மேல், 2007-இல் 50 போல, 2010-இல் பெட் புயலில் 24. 2018 மே மாதம் மெகுனு சலாலாவை அடித்தது. கடும் புயல், 24 மணி நேரத்தில் 278 மில்லிமீட்டர், வருடம் முழுக்கப் பெய்வதைவிட இரண்டு மடங்கு. ஓமனில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. கொள்கை வேலை செய்கிறது என்று எழுதி முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இதே சலாலாவில் 2011 நவம்பரில் கெய்லா என்ற ஒன்று வந்தது. புயல் என்று பெயர் சூட்டும் தகுதியைத் தொட்டும் தொடாமலும் இருந்த நோஞ்சான், அதில் ஓமனில் 14 பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் வந்தது புயல்கூட இல்லை, வசந்தகாலத்தில் வழக்கமாக வரும் தாழ்வழுத்தம், கொஞ்சம் அதிகப்படி. சுமார் 20 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள், சமத் அஷ் ஷான் என்ற ஊரில் பள்ளியிலிருந்து வண்டியில் வந்தவர்கள், வாதியில் அடித்துச் செல்லப்பட்டவர்கள்.

ஆக, பெரிய புயலைச் சமாளிக்க ஓமன் கற்றுவிட்டது. புயல் என்று அறிவித்தால் நாடே கதவைச் சாத்துகிறது. மழை என்று அறிவித்தால் வேலை நாள் வேலை நாளாகவே நடக்கிறது, பள்ளி திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. வாதிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மலையில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்பதுதான் அதற்குக் கணக்கு, மேலே சுழற்சி இருந்ததா இல்லையா என்பதல்ல. அந்த ஏப்ரல் நாளுக்குப் பிறகு பல மாகாணங்களில் பள்ளிகளை மூடி வீட்டிலிருந்து பாடம் நடத்தினார்கள், அடுத்தடுத்த எச்சரிக்கைகளிலும் விடுமுறை முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. இப்படி எத்தனை முறை செய்ய முடியும் என்பது வேறு கேள்வி. எச்சரித்து மூன்று முறை மழை வராமல் போனால் நாலாவது முறை பெற்றோரே முணுமுணுப்பார்கள்.

மழையைப் பற்றிய மனநிலையையும் சொல்லியாக வேண்டும். அங்கே மழை என்பது இறைவனின் கருணை, ரஹ்மத். மழை வராத வருடத்தில் மழை வேண்டி மசூதிகளில் தனித்தொழுகை நடக்கும். வந்துவிட்டால் ஊரே கொண்டாடும். காரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, பிளாஸ்க்கில் டீயோடு, வாதி இறங்குவதைப் பார்க்கப் போவார்கள். கரையில் வரிசையாக வண்டி நிற்கும், எல்லோர் கையிலும் போன். மழைக்காக ஏங்கிய ஜனங்களிடம் போய் மழை வருகிறது ஓடு என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது, ஓடும் வாதியில் வண்டியை இறக்கி உயிருக்கு ஆபத்து விளைவித்தால் ஓமனில் சிறையும் அபராதமும் உண்டு. பக்கத்து எமிரேட்ஸில் 2023 முதல் வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கில் நுழைந்தால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். வேடிக்கை பார்க்கக் கூடினாலே 1,000 திர்ஹம்.

சத்தமில்லாத அபாயம் இன்னொன்று, வெயில். 2018 ஜூன் 26 அன்று குரய்யாத்தில் 24 மணி நேரத்தில் மிகக் குறைந்த வெப்பநிலையே 42.6 டிகிரி. இரவு முழுக்க அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12:30 முதல் 3:30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி, பேரிடர்க் கொள்கை என்று யாரும் சொல்லாத, ஆனால் என் கணக்கில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய கொள்கை. கட்டடத்தில் நிற்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

மெகுனுவுக்கு ஒரு வால் உண்டு. அதன் மழை ரப் அல் காலி என்ற வெற்றுப் பாலைவனத்துக்குள் போய் மணல்மேடுகளுக்கு நடுவே ஏரிகளாக நின்றது. ஆள் இல்லாத இடம், ஈரமணல், திடீர்ப் பசுமை. வெட்டுக்கிளிகள் அங்கே பெருகின. அக்டோபரில் லுபான் என்ற இன்னொரு புயல் அதே பக்கம் மழை தந்தது, மூன்று தலைமுறைக்குள் அவை 8,000 மடங்கு பெருகியதாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. அந்தக் கூட்டம் ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, ஈரான், பாகிஸ்தான் என்று பரவி 2020-இல் ராஜஸ்தான் வயல்களில் இறங்கியது. ஒரு நாட்டின் பேரிடர்க் குழு எட்டுத் துறை என்ன, எண்பது துறை வைத்தாலும் இது எந்தத் துறையில் அடங்கும்?

ஓமன் மக்கள்தொகை 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதில் 40 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர். அரபியும் ஆங்கிலமும் சரளமாக வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் எத்தனையோ பேர். மலையாளத்திலும் வங்காளியிலும் தமிழிலும் செய்தி அவர்களை எட்டுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த அளவுக்கு மொழிபெயர்த்துப் பேசி அனுப்பும் குரல்பதிவாக. அதில் பாதி சரியாக இருக்கும். எச்சரிக்கை கிடைத்தாலும் முடிவு அவர்கள் கையில் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

நான் அங்கே இருந்தபோது ஒரு மாலை கம்பெனி வேனில் பன்னிரண்டு பேர் தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், இரவு ஷிப்ட். எங்களுக்கு மழையே இல்லை, மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அந்தச் சாலைப்பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பழுப்பாக, பெரிய சத்தமில்லாமல். டிரைவர் கேரளாக்காரர், ஐம்பது வயது, எல்லோரும் சேட்டா என்போம். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பின் கீழ்விளிம்பில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பின்னால் ஒரு பிக்கப் வந்து ஹாரன் அடித்தது. மேற்பார்வையாளரிடமிருந்து போன், எங்கே இருக்கிறீர்கள் என்று. "சேட்டா, போயிடலாம், கொஞ்சம்தான் இருக்கு" என்று எங்களில் ஒருவனே சொன்னான்.

அவர் பதில் சொல்லவில்லை. ரிவர்ஸ் எடுத்தார். பிக்கப்காரன் எங்களை ஒதுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினான், நடுவில் ஒரு கணம் வண்டியின் பின்பக்கம் லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது, அப்புறம் அக்கரையில் ஏறி, விளக்கு மறைந்துபோனது. வேனுக்குள் எல்லோரும் சேட்டாவைத் திட்டினார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு பேருக்கும் ஒரு ஷிப்ட் பிடித்திருந்தார்கள், அவருக்கு இரண்டு.